நேற்றைக்கு ஒரு கடவுச்சீட்டு

சனிக்கிழமைதோறும் நாம் நடத்திவரும் தமிழ் வகுப்பிலே, மூன்று கிழமைகளுக்கு முன்னர், பெரிய பிள்ளைகளுக்கு இடப்பெயர்வு பற்றிய கட்டுரையொன்றை வாசித்துக் காட்டினோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த கதை அது. வாசகர்களுள் பலர் அந்த இரவில் அந்த வீதியில் நின்றவர்கள், நாமும் நின்றோம். பாரிஸ் நகரிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ, நெப்போலியனின் படை மொஸ்கோவிலிருந்து பின்வாங்கிய கதையைக் கேட்பதுபோல அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தனர். வாசித்து முடித்ததும் பதினான்கு வயது மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

“மாஸ்ரர், ரைம் மெசின் ஒண்டு இருந்தால் அண்டைக்குப் போய் மாமாவை மறிக்கலாந்தானே?”

மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்தபின் அவனைக் கூட்டிச் செல்ல வந்த அம்மம்மாவிடமும் அதனையே சொல்லியிருக்கிறான் போலும். எழுபத்தைந்து வயதைக் கடந்த அந்தத் தாய், குளிரங்கியின் பொத்தான்களைப் பூட்டியவாறே எம்மருகில் வந்தார்.

“மெய்யே மாஸ்ரர்? பழைய நாளுக்குத் திரும்பிப் போகலாமெண்டு விஞ்ஞானம் படிச்ச ஆக்கள் சொல்லுகினமாம். இவன் சொல்லுறான்.” சிறிது நேரம் நின்றுவிட்டுத் தொடர்ந்தார். “அண்டைக்குப் பாலத்தடியிலை வைச்சு வீட்டுத் திறப்பை எடுத்துக் குடுத்தது நான்தான். தேப்பன்ரை மருந்துப் பை விடுபட்டுப் போச்செண்டு சைக்கிளிலை திரும்பிப் போனவன்.”

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையுமில்லை. இப்பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களுள் அப்படியொரு திறப்பைக் கொடுத்த கை இல்லாத குடும்பம் எத்தனை?

படித்துவிட்டுச் சொல்வதாக வாக்களித்தோம். நாம் கலைப் பட்டதாரி. விஞ்ஞானத்தைச் சாதாரண தரத்தோடு கைகழுவிவிட்டு வரலாற்றையும் தமிழையும் பற்றிக்கொண்டவர்கள். ஆயினும் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக, நகர நூலகத்தில் உள்ள நூல்களை மகளின் உதவியோடு இக்கிழமைகளில் புரட்டினோம். விளங்கியவற்றை இங்கே எழுதுகின்றோம். விளங்காத கணிதத்தைப் பக்கம் பக்கமாகக் கடந்து வந்தோம் என்பதனையும் ஒளிப்பதற்கில்லை.

எதிர்காலத்துக்குப் பயணம் செய்யலாம். அது நாள்தோறும் நடந்துகொண்டுமிருக்கிறது. ஓடும் கடிகாரம் நிற்கும் கடிகாரத்தைவிட மெதுவாக நடக்கும் என்று 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன் எழுதினார். ஈர்ப்பு மிகுந்த இடத்திலும் காலம் மெதுவாகவே நடக்கும் என்பதனையும் பின்னர் சேர்த்துக்கொண்டார். 1971ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஹாபெலே, கீற்றிங் என்னும் அமெரிக்கர் இருவர், நான்கு அணுக்கடிகாரங்களை எடுத்துக்கொண்டு, சாதாரண பயணிகள் விமானங்களில் உலகைச் சுற்றினர். முதலிற் கிழக்காகவும் பின்னர் மேற்காகவும் சுற்றிவந்து, வீட்டில் விட்டுவந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். கிழக்கே சுற்றியபோது 59 நனோசெக்கன் பிந்தியிருந்தது. மேற்கே சுற்றியபோது 273 நனோசெக்கன் முந்தியிருந்தது. ஒரு செக்கனை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கே நனோசெக்கன் ஆகும். இக்கணக்கின்படி, கட்டுநாயக்காவிலிருந்து மேற்கு நோக்கிப் பறந்து வந்த நாமெல்லாம் ஊரில் இருந்தவர்களைவிட இம்மியளவு கூடுதலாக மூப்படைந்திருக்க வேண்டும். எமது மூப்புக்கு வேறு காரணங்களும் உண்டு என்பது வேறு கதை.

விண்வெளிக்குச் சென்றவர்களின் கணக்கு எதிர்மாறானது. அவர்கள் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுவதனால் நம்மைவிட மெதுவாக மூப்படைகின்றனர். செர்கெய் கிரிக்கலேவ் என்னும் விண்வெளி வீரர், பல பயணங்களில் மொத்தம் 803 நாட்களை விண்ணிலே கழித்தவர். அதனால் அவர் ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்களவு எதிர்காலத்துக்கு வந்துவிட்டார் என்று கணித்திருக்கின்றனர். இந்த மனிதரின் கதையில் எம்மை நிறுத்தி வைத்தது அந்தக் கணக்கன்று. 1991ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் சோவியத் ஒன்றியத்தின் குடிமகனாக அவர் ‘மிர்’ நிலையத்துக்குப் புறப்பட்டார். அவர் மேலே சுற்றிக்கொண்டிருக்கையில் அவரது பிறந்த ஊராகிய லெனின்கிராட்டுக்குச் சென் பீற்றர்ஸ்பேர்க் என்ற பழைய பெயர் மீண்டும் வந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லாமற் போயிற்று. 1992 மார்ச் 25ஆம் நாள் அவர் வந்திறங்கிய மண், கசகஸ்தான் என்னும் தனிநாடாக இருந்தது. தம்மை அனுப்பிவைத்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. காலப் பயணம் என்றால் என்னவென்று எவரேனும் கேட்டால் இந்தக் கதையைச் சொல்வதே எமக்கு எளிது.

நமது புராணத்திலும் இதுபோன்றதொரு கதை உண்டு. ககுத்மி என்னும் அரசன் மகள் ரேவதிக்குத் தகுந்த மணாளன் யாரென்று கேட்பதற்காக அவளையும் அழைத்துக்கொண்டு பிரமலோகம் சென்றான். அங்கே நடந்த இசை முடியும்வரை சற்றே காத்திருந்தான். கேள்வியைக் கேட்டபோது பிரமன் சிரித்தான். பூமியில் யுகங்கள் பல கழிந்துவிட்டன, நீ மனத்தில் வைத்திருந்த மணாளர்களின் பேரப்பிள்ளைகளின் பெயர்கூட இப்போது எவருக்கும் தெரியாது என்றான். பின்னர் ரேவதி பலராமனை மணந்தாள். இதனைக் காட்டி, ஐன்ஸ்ரைன் சொன்னதை நம்முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர் என்று மேடையிற் பேசுவோரோடு நாம் உடன்படுவதில்லை. கதை வேறு, கடிகாரத்தை வைத்து அளப்பது வேறு. ஆனால் நெடுநாள் பிரிந்து போனவன் திரும்பி வருகையில் ஊர் தன்னை மறந்திருக்குமோ என்ற அச்சம், கதை சொன்னவருக்கும் இருந்திருக்கிறது.

இவையெல்லாம் முன்னோக்கிய பயணங்கள். அந்தத் தாய் கேட்டதோ பின்னோக்கிய பயணம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நாம் வாழும் இந்தப் பிரெஞ்சு நாட்டிலே றெனே பார்ஜாவெல் என்றோர் எழுத்தாளர் இருந்தார். உலகப்போர்க் காலத்தில் எழுதி 1944இல் நூலாக வந்த அவரது நாவலொன்றில், காலப் பயணி ஒருவன் 1793ஆம் ஆண்டுக்குச் செல்கிறான். தூலோன் முற்றுகையில் நின்ற இளம் பொனபார்ட்டைச் சுட்டுவிட்டால் உலக வரலாறே மாறிவிடும் அல்லவா? சுடும் வேளையில் ஒரு போர்வீரன் குறுக்கே வந்து விழுகிறான். அவன் வேறு யாருமல்லன், சுட்டவனின் சொந்த முப்பாட்டன். அவன் பிள்ளை பெறுமுன்னரே இறந்துவிட்டமையால் சுட்டவன் பிறந்திருக்கவே முடியாது. பிறவாதவன் எவ்வாறு சுட்டான்? சுடாவிட்டால் முப்பாட்டன் பிழைத்திருப்பான், பிழைத்திருந்தால் இவன் பிறந்திருப்பான், பிறந்தால் சுட்டிருப்பான். செக்கு மாடு போல அறிவு சுற்றிச் சுற்றி வருகிறது. இதற்குப் பாட்டன் முரண்புதிர் என்று பெயர் வழங்குகிறது.

ஆசிரியத் தொழில் பார்த்த எமக்கு இன்னொரு புதிர்தான் கூடுதலாகத் தொல்லை தந்தது. மாணவன் ஒருவன் சோதனை முடிந்தபின் சரியான விடைத்தாளை எடுத்துக்கொண்டு, சோதனைக்கு முந்திய நாளுக்குச் சென்று, அன்றைய தன்னிடமே கொடுக்கிறான். அவன் அதைப் பார்த்து எழுதி முழுப் புள்ளியும் பெறுகிறான். பின்னர் அந்த விடைத்தாளையே எடுத்துக்கொண்டு முன்னாளுக்குப் போகிறான். அப்படியாயின் அந்தக் கணக்கைச் செய்தவர் யார்? எவருமே செய்யாத கணக்குக்குப் புள்ளி போடும் நிலை எந்த ஆசிரியருக்கும் வரவேண்டாம்.

இத்தகைய புதிர்களை வெறும் கதைக்காரரின் விளையாட்டு என்று பௌதிகவியலாளர் நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தனர். அவ்வாறு ஒதுக்க முடியாமற் செய்தவர் ஓர் அகதி. அவர் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வாசகர்கள் எமக்கு இடந்தர வேண்டும்.

குர்ட் கோடல் 1906ஆம் ஆண்டு பிறந்தவர். வியன்னாவிலே கணிதம் படித்தவர். எந்தக் கணித முறையிலும் அந்த முறைக்குள்ளே நின்று நிறுவ முடியாத உண்மைகள் இருந்தே தீரும் என்று 1931இல் காட்டி, இளவயதிலேயே பெரும் பெயர் பெற்றவர். 1938இல் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவை விழுங்கியது. கோடல் யூதர் அல்லர். ஆனால் யூதர்களோடு பழகியவர், மெலிந்த உடலும் மூக்குக்கண்ணாடியும் கொண்டவர். வியன்னாத் தெருவிலே நாசி இளைஞர்கள் அவரை யூதரென்று எண்ணித் தாக்கியதாகவும், மனைவி அடேல் தமது குடையால் அடித்து அவர்களை விரட்டியதாகவும் சொல்வர். படைச் சேவைக்குத் தகுதியானவர் என்று வேறு அவருக்கு முடிவு சொல்லிவிட்டனர்.

1940 ஜனவரியில் கணவனும் மனைவியும் புறப்பட்டனர். அத்திலாந்திக் கடலில் போர் நடந்ததனால் மேற்கே போக வழியில்லை. அமெரிக்காவுக்குப் போகவேண்டியவர்கள் கிழக்கே திரும்பினர். சைபீரியப் புகையிரதத்தில் ஏறி, பனி மூடிய ருசியா முழுவதையும் கடந்து விளாடிவொஸ்ரொக், அங்கிருந்து யப்பான், யொக்கோஹாமாத் துறைமுகத்திலே கப்பலுக்காகக் காத்திருப்பு, பின்னர் பசிபிக் கடல். மார்ச் 4ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினர். போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் உலகைச் சுற்றிப் போவது எத்தகையது என்பதனை, ஆபிரிக்க விமான நிலையங்களிலும் கிழக்கு ஐரோப்பியக் காடுகளிலும் காத்துக் கிடந்து வந்த எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பிரின்ஸ்ரன் நகரிலிருந்த உயர் ஆய்வு நிறுவகத்தில் அவருக்கு இடங்கிடைத்தது. அங்கே அவருக்கு முன்னரே வந்து சேர்ந்த இன்னோர் அகதி ஐன்ஸ்ரைன். வயதில் இருபத்தேழு ஆண்டு மூத்தவர். இருவரும் நாள்தோறும் சேர்ந்து நடந்தே வீடு திரும்புவர். கடைசிக் காலத்தில் தாம் நிறுவகத்துக்குப் போவதே கோடலோடு நடந்து திரும்பும் பேற்றுக்காகத்தான் என்று ஐன்ஸ்ரைன் சொன்னதாக அவர்களின் நண்பர் மோர்கென்ஸ்ரேர்ண் பதிந்திருக்கிறார்.

1947 டிசெம்பரில் கோடலுக்குக் குடியுரிமை விசாரணை. அதற்காக அமெரிக்க அரசியலமைப்பை அவர் எழுத்தெண்ணிப் படித்தார். படித்த இடத்தில், சட்டத்துக்கு மாறில்லாமலே இந்நாட்டை ஒரு சர்வாதிகாரி கைப்பற்ற வழியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். இதை அங்கே போய்ச் சொல்லாதீர் என்று நண்பர்கள் மன்றாடினர். ஐன்ஸ்ரைனும் மோர்கென்ஸ்ரேர்ணும் சாட்சிகளாக உடன் சென்றனர். ஒஸ்திரியாவில் எத்தகைய ஆட்சி இருந்தது என்று நீதிபதி கேட்டார். குடியரசுதான், ஆனால் அதன் அமைப்பு சர்வாதிகாரத்துக்கு இடங்கொடுத்துவிட்டது என்றார் கோடல். இங்கே அப்படி நடக்காது என்று நீதிபதி ஆறுதல் சொல்ல, நடக்கும், நிறுவிக் காட்டுகிறேன் என்று கோடல் தொடங்கிவிட்டார். நல்லவேளையாக அந்த நீதிபதி முன்னர் ஐன்ஸ்ரைனுக்குப் பிரமாணம் செய்து வைத்தவர்; பேச்சை வேறு திசைக்குத் திருப்பிவிட்டார். கேட்ட கேள்விக்கு மாத்திரம் விடை சொல்லுங்கள் என்று விசாரணைக்கு முன் எம்மவர்க்கு மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லும் புத்திமதி, உலகின் தலைசிறந்த தருக்க அறிஞருக்கும் வேண்டியிருந்திருக்கிறது.

1949இல் ஐன்ஸ்ரைனுக்கு எழுபது வயது நிறைந்தது. பிறந்தநாள் மலருக்குக் கோடல் ஒரு கட்டுரை கொடுத்தார். ஐன்ஸ்ரைனின் சொந்தச் சமன்பாடுகளையே எடுத்து, அண்டம் முழுவதும் சுழன்றுகொண்டிருப்பதாக வைத்துக் கணக்கிட்டால், அங்கே முன்னோக்கியே சென்றுகொண்டிருக்கும் ஒருவன் தான் புறப்பட்ட நாளுக்கே வந்து சேரும் பாதைகள் உண்டு என்று அதிற் காட்டியிருந்தார். நேற்றைக்குப் போகும் வழி கணிதத்தால் அடைக்கப்படவில்லை. பயணி தன்னையே சந்தித்து, நடக்கவில்லையென்று தான் அறிந்த ஒன்றைத் தனக்குச் செய்யக்கூடுமே என்ற முரண்புதிரையும் அவர் மறக்கவில்லை. அந்தப் பயணத்துக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 212,000 கிலோமீற்றர் வேகமேனும் வேண்டும். அதற்குரிய எரிபொருளை எவரும் திரட்ட முடியாது என்று கணக்குக் காட்டினார். ஆனால் அவர் சொல்ல வந்தது வேறு. போய்ச் சேரக்கூடிய இடத்தில் இறந்தகாலம் இருக்குமாயின், அது கழிந்துபோனது என்று எவ்வாறு சொல்வது? காலம் ஓடுகிறது என்பதே நமது தோற்றமயக்கமோ என்று அவர் ஐயுற்றார். தாம் கொள்கையை உருவாக்கிய நாளிலேயே இந்தச் சிக்கல் தம்மை வருத்தியது என்று ஐன்ஸ்ரைன் மறுமொழி எழுதினார். இத்தகைய தீர்வுகளைப் பௌதிகக் காரணம் காட்டி விலக்க முடியுமா என்று ஆராய வேண்டும் என்றும் குறிப்பிட்டார்.

நமது அண்டம் அவ்வாறு சுழல்வதாக இன்றுவரை அளவீடு எதுவும் காட்டவில்லை. கோடலோ முதுமையிலும், தம்மைப் பார்க்க வந்த வானியல் அறிந்தோரிடம் உடுத்தொகுதிகளின் சுழற்சி பற்றிய செய்தி ஏதுமுண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எவரோ நஞ்சூட்டுவர் என்ற அச்சம் அவரைப் பீடித்திருந்தது. மனைவி சமைத்ததை மாத்திரமே உண்பார். மனைவி நோயுற்று மருத்துவமனைக்குப் போனபோது அவர் உண்பதைக் கைவிட்டார். 1978 ஜனவரியில் பட்டினியால் இறந்தார்.

ஐன்ஸ்ரைனைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1955 மார்ச்சில் அவரது இளமைக்கால நண்பர் மிசேல் பெசோ இறந்தார். குடும்பத்தாருக்கு எழுதிய கடிதத்தில், பௌதிகத்தை நம்பும் எம்போன்றோர்க்கு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற வேறுபாடு விடாப்பிடியான ஒரு மயக்கம் மாத்திரமே என்ற கருத்தை எழுதினார். அடுத்த மாதம் அவரும் இறந்தார். சாவீட்டுக்கு எழுதும் கடிதத்தில் சமன்பாட்டைக் கொண்டுவந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கக்கூடும். ஆயினும் அந்தக் குடும்பம் அக்கடிதத்தைப் பேணி வைத்திருந்தது.

கோடலுக்குப் பின்வந்தோர் வேறு வழிகளைத் தேடினர். 1988இல் கிப் தோர்ண் என்னும் அமெரிக்கரும் அவரது மாணவரும், வெளியின் இரு முனைகளை இணைக்கும் புழுத்துளை ஒன்றைக் காலப் பொறியாக மாற்றலாம் என்று எழுதினர். பாட்டனைக் கொல்வதற்குப் பதிலாக அவர்கள் பில்லியர்ட் பந்தை வைத்து ஆராய்ந்தனர். நாம் கரம் காயை வைத்துச் சொல்வோம். அடித்த காய் ஒரு குழிக்குள் விழுந்து, சில கணங்களுக்கு முந்திய நேரத்தில் இன்னொரு குழியால் வெளியே வந்து, குழியை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் தன்னையே முட்டித் திசை திருப்பிவிட்டால் என்ன ஆகும்? முட்டினால் குழிக்குள் விழாது, விழாவிட்டால் முட்டாது. கணக்கைச் செய்து பார்த்தபோது, முரண்பாடில்லாத ஒரு வழி எப்போதும் இருப்பதாகத் தெரிந்தது: காய் தன்னை இலேசாகத்தான் உரசுகிறது, உரசியதனால் சற்றே சரிந்து குழிக்குள் விழுகிறது, சரிந்து விழுந்ததனாலேயே வெளிவரும்போது இலேசாக மட்டும் உரசுகிறது. ருசியரான நோவிக்கோவ் இதனையே விதியாகச் சொல்வார். இறந்தகாலத்துக்குப் போகலாம், ஆனால் நடந்ததை மாற்ற முடியாது. நீ போய்ச் செய்ததும் நடந்தவற்றுள் ஏற்கனவே அடங்கியிருக்கும். இதை வாசித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. மறிக்கப் போன பேரனைக் கண்டு திடுக்கிட்டுத்தான் அந்த இளைஞன் வேறு ஒழுங்கையால் சைக்கிளைத் திருப்பினான் என்று ஒரு கணக்கு இருக்குமானால், அதை எந்தத் தாயிடம் சொல்வது?

பிரித்தானியரான ஸ்டீபன் ஹோக்கிங், இயற்கையே இப்படியான பொறிகளைத் தோன்றவிடாது என்று 1992இல் கருத்துரைத்தார். 2009 ஜூன் 28ஆம் நாள் கேம்பிரிட்ஜில், காலப் பயணிகளுக்கென்று ஒரு விருந்து வைத்தார். மேசையில் மதுவும் சிற்றுண்டியும், கூரையில் பலூன்கள். அழைப்பிதழை விருந்து முடிந்த பின்னரே வெளியிட்டார். பின்னோக்கி வரத் தெரிந்தவர் மட்டுமே வரமுடியும் அல்லவா? ஒருவரும் வரவில்லை. முள்ளிவாய்க்கால் முடிந்து ஆறு கிழமைகூட நிறையாத நாள் அது. பின்னோக்கிப் போகும் வழி மாத்திரம் அன்று இருந்திருந்தால், கேம்பிரிட்ஜ் விருந்துக்குப் போகுமுன் எம்மவர் போகவேண்டிய இடங்கள் பல இருந்தன. தோர்ண் சொன்ன வகைப் பொறிக்கு வேறோர் எல்லையும் உண்டு. பொறி செய்யப்பட்ட நாளுக்கு முந்திய நாளுக்கு அதனால் போக முடியாது. நாளைக்கே ஒருவர் செய்து முடித்தாலும் 1995 அதற்கு எட்டாது.

இனிக் கடைசி வழி. ஹியூ எவரெற் என்னும் அமெரிக்க மாணவர் 1957இல் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேடு அது. அணுவுலகில் ஒரு நிகழ்ச்சி இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம் என்ற நிலை உண்டு. ஓர் அணு இந்தக் கணத்தில் சிதையலாம், சிதையாமலும் இருக்கலாம். அளந்து பார்க்கும்போது இரண்டில் ஒன்றே தெரிகிறது. மற்றது எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, இரண்டுமே நடக்கின்றன என்றார் எவரெற். சிதைந்ததைக் கண்ட ஆய்வாளர் ஒரு கிளையில், சிதையாததைக் கண்ட அதே ஆய்வாளர் இன்னொரு கிளையில். இருவரும் மெய், ஒருவரை ஒருவர் காணமாட்டார். 1959இல் கோப்பன்ஹேகன் சென்று போர் என்னும் பேரறிஞரிடம் பேசிப் பார்த்தார், பயனில்லை. அதற்கு முன்னரே பல்கலைக்கழகத்தை விட்டு, அமெரிக்கப் படைத் தலைமையகத்தில் அணுவாயுதக் கணக்குகள் பார்க்கப் போய்விட்டார். 1982இல் ஐம்பத்தொரு வயதில் இறந்தார். இன்று அவரது கொள்கையை ஏற்பவரும் உளர். கணக்கு சரி, ஆனால் அத்தனை உலகங்கள் வேண்டுமா என்று கேட்பவரும் உளர். எது சரியென்று காட்டும் பரிசோதனை இதுவரை செய்யப்படவில்லை.

1991இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த டேவிட் டொய்ச் இந்தக் கிளைகளைக் கொண்டு பாட்டன் முரண்புதிரை அவிழ்த்தார். பின்னோக்கிப் போகிறவன் தன் கிளையிலிருந்து புறப்பட்டு இன்னொரு கிளையின் இறந்தகாலத்திலே போய் இறங்குகிறான். அங்கே பாட்டனைக் கொன்றால் அந்தக் கிளையில் அவன் பிறக்கமாட்டான். அவன் பிறந்ததோ முந்திய கிளையில். முரண்பாடு எதுவுமில்லை. கணக்கு அழகாக முடிந்துவிடுகிறது.

எமக்கோ அந்த இடத்தில்தான் கணக்கு கசந்தது. நமது மாணவன் அவ்வாறு போய் மாமாவை மறிப்பான் என்று வைப்போம். பாலத்தடியில் நிற்கும் ஒரு தாய்க்கு மகன் கிடைப்பான். அந்தத் தாய் இவனது அம்மம்மாவாக இருக்கமாட்டார். இவன் விட்டுச் சென்ற கிளையில் நடந்தது நடந்ததாகவே இருக்கும். போனவன் திரும்பி வரவும் மாட்டான். சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரத்தில் அவனைக் கூட்டிச் செல்ல வருபவருக்கு, மகனோடு பேரனும் இல்லையென்றாகிவிடும்.

சென்ற சனிக்கிழமை அவர் வந்தார். கோடல், தோர்ண் என்ற பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு, இந்தக் கடைசிக் கணக்கை மட்டும் எம்மால் இயன்றவரை எளிமையாகச் சொன்னோம். பேரன் போய்விடுவான் என்ற இடம் வந்ததும், பக்கத்தில் நின்ற பையனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப இவன் ஒரு இடமும் போகத் தேவையில்லை” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்தக் கிளையெண்டு சொல்லுறியள், அது முந்தியே இருக்கோ? இல்லை, ஆரும் போனால்தான் உண்டாகுமோ?” என்று கேட்டார்.

இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலில் இத்துணைச் சரியான கேள்வியை எம்மிடம் கேட்ட மாணவர் குறைவு. எவரெற் சொன்னது மெய்யானால் ஒருவரும் போகாமலே அவ்வாறான கிளைகள் இருக்கக்கூடும், ஆனால் அது மெய்யென்று எவரும் இன்னும் நிறுவவில்லை என்றோம்.

“அப்ப எங்கையோ ஒரு இடத்திலை நான் திறப்பைக் குடுக்கேல்லை.”

“இருக்கலாம், அம்மா. ஆனால் அங்கே இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. உங்களை நினைக்கவும் மாட்டார்.”

“அவளுக்கு என்னைத் தெரியாட்டில் என்ன மாஸ்ரர், எனக்கு அவளைத் தெரியுந்தானே.”

பையன் குளிரங்கியை எடுத்துக் கொடுத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். அவர் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு, அடுத்த கிழமை பிள்ளைகளுக்குச் சோதனை இருக்கிறதா என்று எம்மிடம் கேட்டார். இருக்கிறது என்றோம்.